படத்தில் கண் முதலில் எங்கே போகிறது?

போரினாலும் இடப்பெயர்வினாலும் பாதிக்கப்பட்ட எமது பெண்கள் எத்தனை தடவை படம் பிடிக்கப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அடையாள அட்டைக்கு ஒரு படம். முகாமில் பதிவதற்கு ஒரு படம். நிவாரணப் பொதி வாங்கும்போது ஒரு படம். தையல் இயந்திரம் கையளிக்கப்பட்ட நாளில், பின்னால் பதாகை கட்டி, வரிசையாக நிறுத்தி ஒரு படம். காணாமற்போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீதியோரம் அமர்ந்திருந்தபோது செய்தியாளர்கள் எடுத்தவை பல. இவற்றில் எத்தனை எமது கைக்குத் திரும்பி வந்தன? வந்தவற்றில் எமது முகம் சரியாகத் தெரிந்ததா?

இன்று அநேகமான வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கிறது. படம் எடுக்கும் கருவி எமது கைக்கே வந்துவிட்டது. ஆனால் ஒரு படத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போகிறது, ஏன் அங்கே போகிறது என்பதைப் பற்றி எமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இது கலைஞர்களுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும் மட்டும் உரிய விடயம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. எமது படத்தைப் பார்ப்பவர் ஒரு அதிகாரியாக இருக்கலாம், நீதவானாக இருக்கலாம், உதவி வழங்கும் ஒருவராக இருக்கலாம், காணாமற்போனவரை எங்கேயோ கண்ட ஒருவராகவும் இருக்கலாம். அவர் எமது படத்தைப் பார்ப்பது சில விநாடிகள் மாத்திரமே. அந்தச் சில விநாடிகளில் அவரது கண் எங்கே போகிறது என்பதை வெளிச்சம், நிறம், தெளிவு ஆகிய மூன்றும் பெருமளவு தீர்மானிக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெளிச்சம்

இரவில் திருகோணமலை உள்துறைமுகப் பக்கம் பார்த்தால், இருட்டில் ஒரு தோணியின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கடலும் மலையும் அங்கேதான் இருக்கின்றன. ஆனாலும் கண் விளக்கில் போய் நிற்கும். அதே கண், நண்பகலில் வெள்ளை மணலில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தால் நாயிடம் போகும். ஆகவே வெளிச்சமான பொருள்தான் எப்போதும் கண்ணை இழுக்கும் என்று சொல்லிவிட முடியாது. சுற்றியுள்ளவற்றிலிருந்து எது அதிகம் வேறுபடுகிறதோ அங்கேதான் கண் முதலில் போகும்.

எமது படங்களில் அடிக்கடி நேரும் குறை இங்கேதான் தொடங்குகிறது. கமெரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, முழுப் படமும் அதிக வெளிச்சமும் இல்லாமல் அதிக இருட்டும் இல்லாமல் நடுத்தரமாக வரவேண்டும் என்றே கணக்குப் போடுகிறது. பின்னால் பளிச்சென்ற வானமும் கடலும் இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணி அது எல்லாவற்றையும் மங்கச் செய்யும். வானம் அழகாக வந்துவிடும். முன்னால் நிற்கும் எமது மாநிற முகம் கரியாகிவிடும். வெள்ளைச் சீலை கட்டியவரின் முகமும் இவ்வாறே இருண்டுபோகும்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் கிழக்குப் பார்த்தவை. காலையில் சூரியன் கடற்பக்கம் இருக்கும். அந்த நேரத்தில் கடலைப் பின்னால் வைத்து நின்றால் முகம் இருளும். பின்னேரத்தில் சூரியன் கரைப் பக்கம் சாய்ந்துவிடுவதால், அதே இடத்தில் அதே மாதிரி நின்றாலும் முகத்தில் வெளிச்சம் விழும். உச்சி வெயிலில் எடுத்தால் நெற்றி மின்னும், கண்குழிகள் இரண்டும் நிழலாகிப் போகும். கண் தெரியாத முகத்தை அடையாளம் காண்பது கஷ்டம்.

இதற்குப் பரிகாரம் மிகச் சுலபமானது. வீட்டு விறாந்தையில், கூரை நிழலின் ஓரத்தில், வெளிப்பக்கம் பார்த்து நில்லுங்கள். அங்கே வெயில் நேரே படாது, ஆனால் முற்றத்து வெளிச்சம் முகத்தில் சமமாகப் படும். கைத்தொலைபேசியில் எடுக்கும்போது திரையில் முகம் தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். பெரும்பாலான தொலைபேசிகள் அதன் பின் வானத்தை விட்டுவிட்டு அந்த முகத்துக்கு ஏற்றவாறு வெளிச்சத்தைச் சரிசெய்யும்.

எமது முகங்கள் படங்களில் இருண்டு போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிலிம் காலத்தில், வண்ணப் படம் கழுவும் இடங்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரைக் கொண்டு அதனைச் ‘சேர்லி’ அட்டை என்று அழைத்தார்கள். பல பத்தாண்டுகளாக அந்த வெண்ணிறத் தோல் நன்றாக வந்தால் படம் சரி என்பதே அளவுகோலாக இருந்தது. கறுத்த, மாநிறத் தோல்களைப் பற்றி அந்த அளவுகோல் கவலைப்படவில்லை. பல நிறத்தவரும் அடங்கிய அட்டைகள் 1990களில்தான் வந்தன. “நான் படத்துக்கு எடுப்பில்லை, கறுப்பு” என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போகும் சகோதரிகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். வெளிச்சத்தைச் சரியாகத் தந்தால் எந்த நிறத்து முகமும் படத்தில் எடுப்பாகவே வரும்.

நிறம்

சில வருடங்களுக்கு முன் மூதூர்ப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கக் கலந்துரையாடலுக்கு ஒரு படத்தைக் கொண்டு போனேன். ஒரு நிறுவனம் பொருட்கள் வழங்கிய வைபவத்தில் எடுத்த படம் அது. அதைக் கையில் கொடுத்து, “முதலில் என்ன தெரிகிறது?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் பதாகை என்றார். இன்னொருவர், பொருள் கொடுப்பவரின் செம்மஞ்சள் ரீசேட் என்றார். பலர் சிவப்பு வாளி என்றார்கள். அந்த வாளியை வாங்கிக்கொண்டு நின்ற பெண்ணை ஒருவருமே சொல்லவில்லை. கடைசியில் மூலையில் இருந்த ஒரு சகோதரி சிரித்துக்கொண்டு, “மிஸ், அந்த வாளியை வாங்குறது நான்தான். ஆனா நானும் முதல்ல வாளியத்தான் பார்த்தன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அவரைக் கண் ஏன் தவறவிட்டது என்று சேர்ந்து ஆராய்ந்தோம். மங்கிய பச்சைச் சீலை, பின்னால் பச்சை மரங்கள், மண்ணிற நிலம். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் ஆகிய நிறங்கள் பச்சைக்கும் மண்ணிறத்துக்கும் முன்னால் எட்டிப் பாய்ந்து வருவதுபோல் தோன்றும். கடலில் அணியும் உயிர்காப்பு அங்கியைச் செம்மஞ்சளில் செய்வதும் இதற்காகவே. அதற்கு மேலாக, படத்தில் எழுத்து இருந்தால் கண் அதை வாசிக்கப் போய்விடும். நிறுவனங்களின் பெயர் பொறித்த ரீசேட்டும் பதாகையும் படத்தில் முதலில் தெரிவது தற்செயலானதல்ல. உதவி செய்தவரைக் காட்டுவதற்காகவே அவை அந்த நிறத்தில் அந்த அளவில் செய்யப்படுகின்றன. உதவி பெற்ற பெண் அந்தப் படத்தில் சாட்சியாக நிற்கிறார், அவ்வளவுதான்.

நிறத்தின் வலிமையை உலகமே அறிந்த ஒரு படத்தில் காணலாம். 1984 டிசம்பரில், பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஏறத்தாழ 12 வயதான ஓர் ஆப்கான் சிறுமியைப் படம் எடுத்தார். அது 1985 ஜூன் மாத நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்தது. செங்காவி நிறத்தில் ஒரு கிழிந்த முக்காடு. பின்னால் பச்சை. அந்தச் செம்மைக்கு நடுவே, பின்னணியின் பச்சையை ஒத்த இரண்டு கண்கள் எம்மை நேரே பார்க்கும். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள் என்பதால், பார்ப்பவரின் கண் வேறெங்கும் போக வழியில்லை.

உலகம் முழுவதும் அந்தக் கண்களை அறிந்திருந்தது. அவரது பெயரை எவரும் அறிந்திருக்கவில்லை. 2002ஆம் ஆண்டில்தான் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெயர் சர்பத் குலா. தன்னுடைய அந்தப் படத்தை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஆண் தன்னைப் படம் எடுத்தபோது தனக்குக் கோபம் வந்தது அவருக்கு நினைவிருந்தது. 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைது செய்யப்பட்டு ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்குப் புகலிடம் கொடுத்தது. ஒரு படம் எவ்வளவு புகழ் பெற்றாலும் படத்தில் இருப்பவரின் வாழ்க்கை அதனால் சீராகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு அவரது கதை ஓர் உதாரணம்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது எமது சமூகத்தின் வழக்கம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கலியாண வீட்டுக் குழுப் படங்களில் கணவனை இழந்த பெண்கள் ஓரத்தில் நிற்பதை, அல்லது படத்துக்கே வராமல் சமையற்பக்கம் போய்விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நிறச் சீலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சீலை நின்றால் எல்லோருடைய கண்ணும் அதில்தான் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். கண் முதலில் வேறுபட்டதைத் தேடுகிறது என்ற விதியை அவர்கள் யாரும் கற்பிக்காமலே அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறார்கள். போரில் கணவனை இழந்த இளம் பெண்கள் பலர் இப்போது விரும்பிய நிறத்தில் உடுக்கிறார்கள். அப்படி உடுத்துப் படத்தின் நடுவில் நிற்பதை விமர்சிப்பவர்கள், குடும்பப் படத்தில் தாய் இல்லாமல் வளரும் பிள்ளைகளைப் பற்றியும் சிந்திக்க வேண்டும்.

தெளிவு

மூன்றாவது விடயம் தெளிவு. போகஸ் என்று சொல்கிறோமே, அதுதான். கமெராவின் வில்லை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உள்ளதையே மிகத் தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளவை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். வில்லையின் துவாரத்தை அகலமாகத் திறந்தால் தெளிவாக வரும் பகுதி ஒடுங்கி, மற்றவை நன்றாகக் கலங்கிவிடும். துவாரத்தைச் சிறிதாக்கினால் கிட்ட உள்ளதும் தூர உள்ளதும் ஒருங்கே தெளியும். கலங்கிய இடத்தில் எமது கண் தங்காது. தெளிந்த இடத்தைத் தேடிப் போகும். ஆகவே எதைத் தெளிவாக வைப்பது என்று தீர்மானிப்பவர், எது முக்கியம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்.

எதை விட்டுவிடுவது என்ற தீர்மானமும் அதே வேலையைச் செய்கிறது. 1936இல் அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், நிபோமோ என்ற இடத்தில் பட்டாணி பிடுங்க வந்து வேலையின்றித் தவித்த கூலிக் குடும்பங்களின் முகாம் ஒன்றில், டொரோதியா லாங் என்ற பெண் படப்பிடிப்பாளர் 32 வயதுத் தாய் ஒருவரைப் படம் எடுத்தார். ‘இடம்பெயர்ந்த தாய்’ என்று அது பெயர் பெற்றது. அந்தப் படத்தில் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோள்களில் சாய்ந்திருப்பார்கள். மடியில் கைக்குழந்தை. பிள்ளைகளின் முகம் தெரியாததால் கண் நேராகத் தாயின் முகத்துக்கும் அவர் கன்னத்தில் வைத்த கைக்கும் போகிறது. படத்தின் கீழ் ஓரத்தில் தாயின் பெருவிரல் ஒன்று தெரிந்து கண்ணை இழுத்தது என்று 1939இல் அதையும் மங்கச் செய்தார்கள்.

அந்தப் படம் பத்திரிகையில் வந்ததும் அம்முகாமுக்கு உணவுப் பொருட்கள் அனுப்பப்பட்டன. அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறிடம் போய்விட்டார். படம் எடுத்தவர் அவரது பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அவரது பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது.

எமக்குக் கிட்டிய உதாரணம் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 கடற்கோள் எமது கரையைப் போலவே தமிழ்நாட்டின் கடலூரையும் தாக்கியது. இரண்டு நாட்களின் பின் ஆர்க்கோ தத்தா என்ற இந்தியப் படப்பிடிப்பாளர் அங்கே எடுத்த படம், அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படமாக உலகளவில் தெரிவாகியது. ஒரு பெண் மணலில் வீழ்ந்து கைகளை விரித்து அழுகிறார். இறந்த உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. உடல் முழுவதையும் காட்டியிருந்தால் எமது கண் அதைவிட்டு அப்பால் போயிருக்காது, அல்லது நாம் பக்கத்தைப் புரட்டியிருப்போம். ஓரத்தில் ஒரு கையை மட்டும் விட்டதால் கண் அழுபவரிடம் நிற்கிறது.

எமது நகரத்தில் எடுத்த படங்கள்

சில சமயங்களில் உண்மையை நிலைநாட்ட வேண்டுமென்றால், கண்ணை விலக்கத் தோன்றும் இடத்தையே தெளிவாகக் காட்ட வேண்டியிருக்கும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் இராணுவத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. சுடர் ஒளி நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தது அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தது. அவை நாளிதழில் வெளிவந்தன. குண்டு வெடித்தது என்ற கதை அதன் பின் நிற்கவில்லை.

அதே மாதம் 24ஆம் திகதி காலை, ஆளுநர் செயலகத்துக்கு அருகில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தது. அந்தப் பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்பதை அந்தப் படங்கள் சொல்லின. யார் சுட்டார்கள் என்பதை ஒரு காயத்தின் படம் சொல்லாது. அதற்கு மனிதச் சாட்சிகளும் அவர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

எமது அன்றாட வாழ்விலும் படம் சாட்சியமாகும் தருணங்கள் உண்டு. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015இன் பின் காணிகளுக்குத் திரும்பியபோது, பழைய கிணறு எது, எல்லை எது என்று காட்டவேண்டியிருந்தது. வீட்டு வன்முறைக் காயங்களும் அவ்வாறே, சில நாட்களில் மறைந்துவிடும். இத்தகைய எதையும் மூன்று தூரங்களில் எடுங்கள். முதலில் முழு இடமும், பக்கத்தில் உள்ள கோயிலோ பாடசாலையோ வீதியோ தெரியத் தூரத்தில் ஒன்று. அடுத்து நடுத்தர தூரத்தில் ஒன்று. கடைசியாகக் கிட்டப் போய், குறிப்பிட்ட அந்த இடம் மட்டும் தெளிவாக ஒன்று. கிட்டப் படத்தில் அளவு தெரிவதற்கு ஒரு நாணயத்தையோ பேனையையோ பக்கத்தில் வையுங்கள். தூரப்படம் எங்கே என்பதையும் கிட்டப்படம் என்ன என்பதையும் சொல்லும். ஒன்றில்லாமல் மற்றதை வாதாட்டத்தில் தட்டிக் கழிக்கலாம்.

கேள்வியும் கண்ணை நடத்தும்

வெளிச்சமும் நிறமும் தெளிவும் ஒருபுறம் இருக்க, பார்ப்பவரின் மனதில் உள்ள கேள்வியும் கண்ணை நடத்துகிறது. அல்பிரட் யார்பஸ் என்ற சோவியத் ஆய்வாளர், பார்ப்பவரின் கண்ணில் மிகச் சிறிய ஆடியைப் பொருத்தி, கண் அசையும் பாதையைப் பதிவு செய்தார். அவரது நூல் 1967இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் பயன்படுத்திய படம் ரஷ்ய ஓவியர் இலியா ரெப்பின் வரைந்தது. தண்டனை பெற்று நெடுந்தூரம் அனுப்பப்பட்டிருந்த ஒருவர் யாரும் எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி வருகிறார். கறுப்பு உடையில் இருந்த முதிய தாய் கதிரையிலிருந்து எழுகிறார். பிள்ளைகள் திகைத்துப் பார்க்கிறார்கள்.

யார்பஸ் ஒரே ஆளிடம் அதே படத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகளைக் கேட்டார். இக்குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டபோது கண் தளபாடங்களிலும் சுவரிலும் அலைந்தது. ஆட்களின் வயதைக் கேட்டபோது முகங்களில் மட்டும் நின்றது. வந்தவர் எவ்வளவு காலம் வீட்டைப் பிரிந்திருந்தார் என்று கேட்டபோது, வந்தவரின் முகத்துக்கும் வீட்டில் இருந்தவர்களின் முகத்துக்கும் இடையே கண் மாறி மாறி ஓடியது. எமது மாவட்டத்தில் எத்தனையோ தாய்மார் மனதில் வரைந்து வைத்திருக்கும் காட்சி அது. அவர்களுக்கு அந்த ஆய்வின் முடிவை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு படத்தைக் கையில் கொடுக்கும்போது பார்ப்பவருக்கு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். “இவரின் இடது புருவத்துக்கு மேல் உள்ள தழும்பைப் பாருங்கள்” என்று எழுதிக் கொடுத்தால் பார்ப்பவரின் கண் அங்கே போகும், நினைவிலும் நிற்கும். “இவரைக் கண்டீர்களா?” என்பதோடு விட்டால் அது அவ்வளவு உதவாது.

தேடும் படம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017இல் திருகோணமலையிலும் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கைகளில் இருந்த படங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு இருந்தது ஒரேயொரு படம். மற்றவை இடப்பெயர்வில் விடுபட்டுப் போயின, கடற்கோளில் அள்ளுண்டு போயின, அச்சத்தால் மண்ணில் புதைக்கப்பட்டு உக்கிப்போயின. எஞ்சிய படமும் பெரும்பாலும் கலியாண வீட்டிலோ பூப்புனித நீராட்டு விழாவிலோ எடுத்த குழுப் படம். ஒரு தாய் அத்தகைய படத்தை நீட்டி, “பிள்ளை, இதுல என்ட மகன் எங்க எண்டு எனக்குத் தெரியும். வேற ஆருக்குத் தெரியப் போகுது?” என்று கேட்டார். படத்தில் மணப்பெண்ணின் சிவப்புக் கூறைச் சீலையும் மின்னும் நகைகளும்தான் தெரிந்தன. மகன் பின்வரிசையில் நிழலில் நின்றான்.

இப்படியான படங்களுக்குச் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, மூலப் படத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம். நிழலில், நேர் மேலிருந்து கைத்தொலைபேசியால் அதைப் பிரதி எடுங்கள், அல்லது படக்கடையில் ஸ்கேன் செய்வியுங்கள். பிளாஷ் போட்டால் பளபளப்பில் முகம் வெளிறிவிடும். பிரதியை இரண்டு மூன்று இடங்களில், வெளிநாட்டில் உள்ள உறவினரிடமும், வையுங்கள்.

இரண்டாவது, பிரதியில் முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்குங்கள். பின்னணியை வெளிர் சாம்பல் நிறமாக்கச் சொல்லலாம். முகத்தைத் திருத்தவோ வெண்மையாக்கவோ விடவேண்டாம். சில படக்கடைகளில் கேளாமலே முகத்தை வெளிறச் செய்து தருவார்கள். தழும்பும் மச்சமும் அழிந்த படத்தால் ஒருவரையும் அடையாளம் காண முடியாது.

மூன்றாவது, வெயிலில் ஏந்துவதற்குப் பிரதியையே பயன்படுத்துங்கள். வெயில் நிறத்தைத் தின்றுவிடும். இருட்டில் வைத்திருந்தாலும் பழைய வண்ணப் படங்களில் நீலச் சாயம் முதலில் மங்குவதால் படம் செம்மை படர்ந்து போகும். மூலப் படத்தை லமினேட் செய்தால் பிறகு பிரிக்க முடியாது. பசைத் தாளும் பொலித்தீனும் உள்ள அல்பங்களும் படத்தைக் கெடுக்கும். அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி, ஈரமும் கறையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். பதாகைக்காக லமினேட் செய்த பிரதியைச் சற்றே கீழ்நோக்கிச் சரித்துப் பிடித்தால் வெயில் தெறிப்புக் குறைந்து முகம் தெரியும்.

நான்காவது, படத்தின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், எடுத்த ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறும்.

கமெரா எம்மை நோக்கி வரும்போது

நிறுவனங்களோ செய்தியாளர்களோ படம் எடுக்க வரும்போது கேட்கும் உரிமை எமக்கு உண்டு. எதற்காக எடுக்கிறீர்கள்? எங்கே வெளியிடுவீர்கள்? பெயர் போடுவீர்களா? எடுத்ததை எமக்குக் காட்டுவீர்களா? பிரதி ஒன்று தருவீர்களா? விருப்பமில்லை என்றால் விருப்பமில்லை என்று சொல்லலாம். படத்துக்கு நிற்காவிட்டால் உதவி இல்லை என்று சொல்வது முறையற்றது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், வழக்குச் சாட்சிகள், சிறுவர்கள் ஆகியோரின் முகம் வெளிவரக் கூடாது. முகத்தை மட்டும் கலக்கிவிட்டு வீட்டு வாசலையும் பாடசாலைச் சீருடையையும் தெளிவாக விட்டால் ஊரவர் உடனே கண்டுகொள்வார்கள். முகநூலில் நாமே படம் போடும்போதும் இதே கவனம் தேவை. கைத்தொலைபேசிப் படங்களில் எடுத்த இடத்தின் விபரம் பதிந்திருக்கக்கூடும். கமெரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வைப்பது நல்லது.

நாங்கள் மேலே சொன்ன வாளிப் படத்தை அந்த மாதர் சங்கத்தினர் பின்னர் தாங்களே மறுபடி எடுத்தார்கள். பதாகையைக் கழற்றினார்கள். வாளியைக் கீழே வைத்தார்கள். ஒவ்வொருவரும் விறாந்தை ஓரத்தில், தாம் விரும்பிய சீலையில், ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். சிலர் தங்கள் தோட்டத்தையும் சிலர் தைத்த சட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாப் படங்களின் பின்னாலும் பெயர் எழுதினோம்.

இந்த மாதம் உங்கள் வீட்டிலும் இருக்கும் படங்களை எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதாதவற்றுக்கு, பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் படம் ஒன்று அவற்றுள் இல்லையென்றால், நாளைக் காலை விறாந்தை ஓரத்தில் நின்று மகளிடமோ பக்கத்து வீட்டுச் சகோதரியிடமோ ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.